பாட்டு யாருடையது?

காதல் நாவல் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியோர் முகம் சுளிப்பதும், இளையோர் அதைப் பாடநூலுக்குள் மறைப்பதும் இன்று நேற்று வந்த பழக்கமன்று. புத்தகங்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்திருக்கின்றன. மறைக்கும் முறை மட்டும் மாறவில்லை. இத்தகைய நாவல்களைப் பெண்பிள்ளைகள் படிக்கலாமா, கூடாதா என்று வாதிடுவோர் பலர். படித்துவிட்டு வாதிடுவோர் மிகச் சிலரே. மேல்நிலை வகுப்பு மாணவியராகிய நாங்கள் சிலவற்றைப் படித்தோம். படித்த பின் எங்களுக்குள் எழுந்த கருத்தைப் பெற்றோர்க்கும் அருட்சகோதரியர்க்கும் தோழியர்க்கும் சொல்லவே இதை எழுதுகிறோம்.

எல்லாக் காதல் நாவல்களையும் பற்றிப் பேச இங்கே இடமில்லை. அமெரிக்காவில் இளம் பெண்களுக்கென்றே எழுதப்படும் கதைகளில் ஒரு தனிக் கிளை உண்டு. அது கன்ட்ரி இசை உலகத்தைக் களமாகக் கொண்டது. கன்ட்ரி இசை என்பது அந்நாட்டின் தென்பகுதி மலைகளிலும் பண்ணைகளிலும் சுரங்க ஊர்களிலும் வாழ்ந்த எளிய மக்களின் பாட்டு. அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்தவர்களின் பிடிலும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பாஞ்சோவும், தேவாலயப் பாடல்களும் ஒன்றாய்க் கலந்து பிறந்தது. இதன் தலைநகரம் டென்னஸி மாநிலத்து நாஷ்வில். அங்கே 1925-இல் தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்னும் வானொலி நிகழ்ச்சி இன்றும் நடைபெறுகிறது. அது 1943 முதல் 1974 வரை நடந்த ரைமன் அரங்கம், 1892-இல் நற்செய்திக் கூட்டங்களுக்காகக் கட்டப்பட்ட மண்டபம். இன்றும் அங்கே கேட்க வருவோர் அமர்வது தேவாலய பெஞ்சுகளில்தான். ஒரே பெஞ்சில் அமர்ந்து சனி இரவில் பிரிவுத் துயரப் பாட்டும் பக்திப் பாட்டும் கேட்ட மக்கள் அவர்கள்.

இத்தகைய களத்தில் காதல் கதை எழுத ஆசிரியைகள் போட்டி போடுவதில் வியப்பில்லை. சிற்றூர்ப் பெண் ஒருத்தி, தோளில் கிடார், பையில் சொற்பப் பணம், நாஷ்விலுக்குப் பேருந்துப் பயணம், அங்கே தலை கலைந்த ஒரு பாடகன், சிறு பிணக்கு, பெரிய மேடை, அவள் பெயரைச் சொல்லாமல் அவளுக்காகவே அவன் பாடும் பாட்டு, அரங்கம் முழுதும் கண்ணீர். முடிந்தது கதை. இந்தச் சட்டகத்தை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. சீதையின் சுயம்வரத்திலும் வில் முறிந்தால்தானே கதை நகர்கிறது? சட்டகத்துக்குள் என்ன வைக்கிறார்கள் என்பதே கேள்வி.

எமரி லார்ட் என்னும் ஆசிரியை 2014-இல் வெளியிட்ட 'ஓப்பன் ரோட் சம்மர்' என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். லைலா என்ற இளம் கன்ட்ரி பாடகி கோடை விடுமுறை முழுவதும் ஊர் ஊராகச் சென்று பாடுகிறாள். அவளுடன் பயணம் செய்பவள் அவளுடைய உற்ற தோழி ரீகன். கதையைச் சொல்பவளும் அவளே. தீய தொடர்பு ஒன்றிலிருந்து விலகி, தன்னைத் திருத்திக்கொள்ள முயலும் பெண். லைலாவைப் பற்றிப் பத்திரிகைகள் வம்பு பேசத் தொடங்கவே, அதைத் திசைதிருப்ப மாட் ஃபின்ச் என்ற பாடகன் பயணத்தில் சேர்க்கப்படுகிறான். உலகத்தின் கண்ணுக்கு அவன் லைலாவின் நண்பன். அவன் மனம் போவதோ ரீகனிடம்.

இந்நாவலில் எங்களுக்குப் பிடித்தது காதல் அல்ல என்று சொன்னால் பெற்றோர் நம்பமாட்டார்கள். ஆனால் அதுவே உண்மை. புகழ் பெற்ற தோழியின் நிழலில் நிற்கும் பெண், பொறாமைப்படாமல், அவளுக்குக் காவலாய் நிற்பது எப்படி என்பதைத்தான் ஆசிரியை மிக நன்றாக எழுதியிருக்கிறார். பேருந்தின் இருட்டில் இரு பெண்கள் பேசிக்கொள்ளும் பக்கங்கள் மெய்யானவை. மாட் ஃபின்ச் வரும் பக்கங்கள் அவ்வளவு மெய்யானவை அல்ல. அவன் எந்நேரமும் நகைச்சுவையாய்ப் பேசுகிறான்; எப்போதும் அழகாய் இருக்கிறான். இருபது நாள் பேருந்தில் பயணம் செய்த ஆண்பிள்ளை அப்படி இருக்க முடியுமா என்பதை அண்ணன் தம்பியோடு பிறந்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

எங்கள் மனக்குறை வேறு. இந்நாவலிலும், இதைப் போன்ற பிறவற்றிலும், காதலுக்காகப் பாட்டு எழுதப்படுகிறது. அந்தப் பாட்டு யாருடையது, அதன் வருமானம் யாருக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அந்தப் பெண்ணுக்கு வயதென்ன என்பதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. கன்ட்ரி இசை உலகத்தின் மெய்யான பெண்களின் வாழ்வைப் படித்தால், அவர்களுடைய கண்ணீரில் பாதி இந்தக் கேள்விகளால்தான் என்பது புரியும். அந்தப் பாதியை விட்டுவிட்டுக் காதலை மட்டும் எழுதினால், காதலும் பொய்யாகிவிடுகிறதே!

டாலி பார்ட்டனைப் பாருங்கள். 1946-இல் டென்னஸி மலைப்பகுதியில் பிறந்தவர். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காமவர். தாய் கந்தல் துணிகளை ஒட்டுப்போட்டு மேலங்கி தைத்துக் கொடுத்தார். தைக்கும்போது விவிலியத்து யோசேப்பின் பலவண்ண அங்கியைப் பற்றிக் கதை சொன்னார். அதை அணிந்து பெருமையோடு பள்ளிக்குப் போன சிறுமியை மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். அந்த வேதனை 1971-இல் அவருடைய புகழ்பெற்ற பாட்டாயிற்று. 1964-இல் உயர்நிலைப் பள்ளிப் பட்டமளிப்பு முடிந்த மறுநாளே அவர் நாஷ்விலுக்குப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்த முதல் நாள், துணி வெளுக்கும் கடை வாசலில் கார்ல் டீன் என்பவரைச் சந்தித்தார். நாவலாசிரியை எழுதியிருந்தால் 'இது நடக்குமா?' என்று நாமே கேட்டிருப்போம். இருவரும் 1966-இல் மணம் புரிந்தனர். மேடைப் பக்கமே வராத அந்தக் கணவர் 2025 மார்ச்சில் மறையும் வரை, ஏறக்குறைய 59 ஆண்டுகள், அந்த மணவாழ்வு நீடித்தது.

இதோடு நிறுத்தினால் இனிய காதல் நாவல் கிடைத்துவிடும். ஆனால் டாலியின் வாழ்வில் எங்களை உறங்கவிடாத காட்சி இது அல்ல.

1967-இல் போர்ட்டர் வாகனர் என்ற மூத்த பாடகர் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரைச் சேர்த்துக்கொண்டார். அங்கேதான் நாடு அவரை அறிந்தது. சில ஆண்டுகளில் டாலிக்குத் தம் சொந்த வழியில் போக ஆசை வந்தது. வாகனரோ விடவில்லை. பேசிப் பேசிப் பயனில்லை என்று கண்ட டாலி, 1973-இல் நன்றியும் பிரிவும் கலந்த ஒரு பாட்டை எழுதி, அவர் முன்னே பாடிக் காட்டினார். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்பது அதன் பெயர். உலகம் முழுதும் திருமண வீடுகளில் ஒலிக்கும் அந்தப் பாட்டு, காதலனுக்கு எழுதப்பட்டதன்று; வேலையை விட்டு விலகும் பெண் தன்னை வளர்த்த முதலாளிக்கு எழுதிய விடைமடல்! 1974-இல் அது கன்ட்ரி வரிசையில் முதலிடம் பெற்றது.

பிறகு எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். இளம் பாடகிக்கு இதைவிடப் பெரிய பேறு உண்டா? ஒலிப்பதிவுக்குச் சற்று முன்னர், எல்விஸின் மேலாளர் கர்னல் பார்க்கர் தொலைபேசியில் நிபந்தனை சொன்னார்: பாட்டின் பதிப்புரிமையில் பாதி தந்தாக வேண்டும். பதிப்புரிமை என்பது சிறிய செய்தியன்று. ஒரு பாட்டு இசைத்தட்டில் விற்கும்போதும், வானொலியில் ஒலிக்கும்போதும், வேறொருவர் பாடும்போதும் வரும் வருமானத்தில் அதற்கும் பங்குண்டு. டாலி முடியாது என்றார். அன்றிரவு முழுதும் அழுததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எல்விஸ் அந்தப் பாட்டைப் பதிவு செய்யவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1992-இல், விட்னி ஹூஸ்டன் அதைத் திரைப்படத்துக்காகப் பாடினார். அமெரிக்கப் பொது வரிசையில் 14 வாரங்கள் முதலிடம். வருமானம் அதை எழுதியவருக்கு வந்தது.

அழுதுகொண்டே 'முடியாது' என்று சொன்ன அந்த இரவை எந்த இளம்பெண் நாவலில் நாம் படித்திருக்கிறோம்? இந்நாவல்களில் பெண் அழுவது காதலனுக்காக. 'முடியாது' என்று சொல்வதும் காதலனிடம்தான். பின்னர் அதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறாள்.

லோரெட்டா லின் கதை இன்னும் கசப்பானது. கென்டக்கியில் புட்சர் ஹாலோ என்ற சுரங்க ஊரில் 1932-இல் பிறந்தார். 1948-இல், பதினைந்து வயதில், இருபத்தொரு வயது ஆலிவர் லின்னை மணந்தார். நமக்கு அடுத்த பெஞ்சில் அமர்ந்திருக்கும் பத்தாம் வகுப்புத் தங்கையை எண்ணிப் பாருங்கள். நான்கு குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்தன. கணவர் வாங்கித் தந்த மலிவான கிடாரில் தாமே பழகிக்கொண்டார். 1960-இல் முதல் இசைத்தட்டு வந்ததும் கணவனும் மனைவியும் அதை காரில் ஏற்றிக்கொண்டு வானொலி நிலையம் வானொலி நிலையமாய்ச் சென்று, போடும்படி கேட்டார்கள், காரிலேயே உறங்கினார்கள். அவருடைய கணவர் குடிப்பவர். மனைவிக்கு உண்மையாய் இல்லாதவர். அவரைப் பாடவைத்தவரும் அவரே. இந்த இரண்டையும் லோரெட்டா மறைக்கவில்லை. அந்தக் கணவர் 1996-இல் இறக்கும்வரை உடனிருந்தார். தம் கோபத்தையெல்லாம் பாட்டாக்கி நாடறியப் பாடினார். கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை 1972-இல் பெற்றார்; அதைப் பெற்ற முதல் பெண் அவர். 2022 அக்டோபரில் தொண்ணூறாம் வயதில் காலமானார்.

இங்கே ஒரு சிறு செய்தி. அவருடைய தன்வரலாறு 1976-இல் வந்தது. 1980-இல் திரைப்படமும் ஆயிற்று. திருமணத்தின்போது அவருக்குப் பதின்மூன்று வயது என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 2012-இல்தான் பத்திரிகையாளர்கள் அரசுப் பதிவேடுகளைப் பார்த்துப் பதினைந்து என்று கண்டார்கள். மெய்வரலாறும் கொஞ்சம் ஒப்பனை செய்துகொள்ளும் போலும்! பதினைந்து மட்டும் என்ன, ஒப்பனை தேவைப்படாத வயதா?

டாமி வைனெட் என்பவரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். 1968-இல் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' என்ற பாட்டால் உலகப்புகழ் பெற்றார். கணவனைக் கைவிடாமல் நிற்கச் சொல்லும் பாட்டு. பாடியவர் வாழ்வில் ஐந்து திருமணங்கள். அவரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். முடி திருத்தும் அழகு நிலையத் தொழில் செய்து குழந்தைகளைக் காப்பாற்றியவர் அவர். பெரும் புகழும் பணமும் வந்த பின்னும் அந்தத் தொழிலுக்கான உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து வந்தார். பாட்டு ஒரு நாள் கைவிட்டாலும் கத்தரிக்கோல் சோறு போடும் என்ற எண்ணம். அந்த உரிமத்தைக் கைப்பையில் வைத்திருக்கும் கதாநாயகியை எழுத ஒரு நாவலாசிரியைக்காவது தோன்றக் கூடாதா?

'அப்படியானால் காதலே வேண்டாம் என்கிறீர்களா?' என்று தோழியர் கேட்கலாம். இல்லை. கன்ட்ரி இசையின் மிகச் சிறந்த காதல் கதையை எந்த நாவலும் எழுதவில்லை, வானொலியே எழுதியது. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் என்ற ஊரில் பாட்டுப் பதிவு செய்ய வந்த கார்ட்டர் குடும்பம் மூவரைக் கொண்டது: ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல். மேபெலுக்கு அப்போது வயது 18. முதல் குழந்தையைச் சுமந்திருந்தார். கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டை மீட்டி, மற்ற விரலால் தாளம் தட்டிய அவருடைய முறையைத்தான் இன்றும் கன்ட்ரி கிடார் கற்பவர்கள் முதலில் பழகுகிறார்கள். ஏ.பி. மாதக்கணக்கில் மலையூர்களில் பாட்டுத் தேடி அலைந்தார். உடன் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின இசைஞர் சென்று மெட்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு வந்தார். பாட்டுகளின் உரிமையோ ஏ.பி. பெயரில் பதிவாயிற்று. ரிடிலின் பெயர் நெடுங்காலம் யாருக்கும் தெரியவில்லை. பாட்டு யாருடையது என்று நாங்கள் கேட்பது பெண்களுக்காக மட்டுமல்ல.

வீட்டில் தனித்துவிடப்பட்ட சாராவுக்குக் கோய் பேய்ஸ் என்ற உறவினர்மேல் அன்பு உண்டாயிற்று. குடும்பத்தார் அவரைத் தொலைதூரம் அழைத்துச் சென்றுவிட்டனர். மணமுறிவு ஆன பின்னும் சாராவும் ஏ.பி.யும் ஒரே மேடையில் நின்று பாடினார்கள், பிழைப்பு அப்படி. மெக்சிகோ எல்லையிலிருந்து மிகுந்த சக்தியோடு ஒலிபரப்பிய ஒரு நிலையத்தில் அவர்கள் பாடிவந்த நாளில், சாரா ஒலிவாங்கியின் முன் நின்று, ஒரு பாட்டைக் கலிபோர்னியாவில் இருக்கும் கோய் பேய்ஸுக்கு என்று பெயர் சொல்லிப் பாடினார். ஆண்டுகள் கடந்த பின்னும் அவர் கேட்டார், புறப்பட்டு வந்தார், 1939-இல் மணந்தனர். அப்போது பக்கத்தில் நின்று பாடிய ஏ.பி.யின் மனநிலையை எண்ணிப் பார்க்கிறோம். அவர் பின்னர் சொந்த ஊரில் சிறு கடை நடத்தி 1960-இல் இறந்தார். மணமுறிவைத் திருச்சபை எப்படிப் பார்க்கிறது என்பது எங்களுக்குத் தெரியும்; இந்தக் கதையை முன்மாதிரியாகச் சொல்லவில்லை. ஒருவரின் மகிழ்ச்சிக்கு மற்றொருவர் என்ன விலை கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லும் கதை இது. அதனால்தான் சிறந்தது என்கிறோம்.

மேபெலின் மகள் ஜூன் கார்ட்டரும் ஜானி காஷும் காதலித்த கதையைத் திரைப்படமாய்ப் பார்த்தவர்கள் உண்டு. 1968-இல் மேடையில் அவர் ஜூனிடம் மணம் செய்துகொள்ளுமாறு கேட்பதோடு அது முடிகிறது. மெய்யான ஜூனுக்கோ அதன் பின் 35 ஆண்டுகள் இருந்தன. கணவர் மீண்டும் போதை மாத்திரைகளுக்கு அடிமையானதும், 1980களில் சிகிச்சை விடுதியில் சேர்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான். 2003 மே மாதம் ஜூன் இறந்தார், செப்டம்பரில் காஷ். திரைப்படம் நின்ற இடத்தில்தான் அன்பின் வேலை தொடங்கியது.

நம் காலத்துக்கு வருவோம். டெய்லர் ஸ்விஃப்டை அறியாத மாணவி இந்தப் பள்ளியில் இருக்க மாட்டாள். அவரும் கன்ட்ரியில் தொடங்கியவர்தான். 2006-இல் பதினாறு வயதில் முதல் தொகுப்பு. 2008-இல் ரோமியோ ஜூலியட் கதையின் துயர முடிவை மாற்றித் திருமணமாக்கி ஒரு பாட்டு எழுதினார். அதுவே முழு இளம்பெண் நாவல். பதின்வயதில் போட்ட ஒப்பந்தத்தின்படி முதல் ஆறு தொகுப்புகளின் மூல ஒலிப்பதிவுகள் நிறுவனத்துக்குச் சொந்தமாயிருந்தன. 2019-இல் அவை கைமாறின. தம் பழைய பாட்டுகளையே 2021 முதல் மீண்டும் புதிதாய்ப் பாடிப் பதிவு செய்தார். 2025 மே மாதம் மூலப் பதிவுகளை விலைகொடுத்து வாங்கிவிட்டதாக அறிவித்தார். பதினெட்டு வயதில் எழுதிய முடிவைவிட, முப்பத்தைந்து வயதில் அடைந்த இந்த முடிவு எங்களுக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

இந்நாவல்களின் அட்டையில் சிரிக்கும் பெண்கள் பெரும்பாலும் வெள்ளைநிறப் பெண்களே என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1969-இல் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண் லிண்டா மார்ட்டெல், ஒரே தொகுப்போடு இத்துறையை விட்டு விலக நேர்ந்தது. 2024-இல் பியான்சே தம் கன்ட்ரி தொகுப்பில் அந்த மூதாட்டியின் குரலையும் சேர்த்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இனிப் பெற்றோரின் கவலை. 'இவற்றையெல்லாம் படித்தால் பெண்ணின் மனம் அலைபாயும்' என்கிறார்கள். அலைபாயலாம், கணக்குப் பாடம் நடக்கும்போதும் அலைபாய்கிறது. எங்கள் அச்சம் வேறு: மறைத்துப் படிக்கும் புத்தகத்தைப் பற்றி யாரிடமும் கேள்வி கேட்க முடியாது. மாட் ஃபின்ச் நல்லவனா என்று தாயிடம் கேட்கும் வாய்ப்பு இருந்தால், லோரெட்டாவின் கணவர் நல்லவரா என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்வது தாய்க்கும் எளிதாயிராது. ஆயினும் அது வீட்டில் பேசப்பட வேண்டிய பேச்சு. நாவலை எழுதுவோரிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு: காதலை எழுதுங்கள், கூடவே ஒப்பந்தத் தாளையும் எழுதுங்கள். அவள் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடும் பக்கம் ஒன்றிருந்தால், முத்தமிடும் பக்கத்தைப் பெற்றோர் மன்னித்துவிடுவார்கள் என்று நினைக்கிறோம்.

எங்கள் கோரிக்கை இதுதான். பள்ளி நூலகத்தில் 'ஓப்பன் ரோட் சம்மர்' நாவலையும் லோரெட்டா லின்னின் தன்வரலாற்றையும் வாங்கி ஒரே தட்டில் வைக்க வேண்டும். முன்னதை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தரலாம். பின்னதில் மணவாழ்வைப் பற்றிய சில பகுதிகள் வெளிப்படையானவை. அதைப் பதினொன்றாம் வகுப்புக்கு மேல் தந்தால் போதும். நூலகப் பொறுப்பிலுள்ள சகோதரி முதலில் தாமே படித்துப் பார்த்து முடிவு செய்யட்டும். படித்த பின் அவர் கருத்தையும் அடுத்த ஆண்டு மலரில் எழுதினால், எங்களுக்குப் பின் வரும் தங்கையர் பதில் எழுதுவார்கள்.